மிஞ்சிய சுண்டலும் மாட்டுக்கு வைத்த பொங்கலும்

கேள்வி: நவராத்திரிக்குத் தினமும் இருபத்தைந்து பேர் வருகிறார்கள். ஒன்றரை கிலோ கொண்டைக்கடலை ஊறவைக்கிறேன். பாதி மிஞ்சி, விடிவதற்குள் ஊசிப்போகிறது.
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஒரு கிலோ கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலேயே வரும். கொலு பார்க்க வருபவர் அன்று மாலையே இன்னும் மூன்று வீடு ஏறி இறங்குவார். அவருக்கு வெந்த சுண்டல் 60 கிராம் தாராளம். இருபத்தைந்து பேருக்கு 700 கிராம் கடலை போட்டால் போதும். ஒன்றரை கிலோ என்பது கல்யாண வீட்டு அளவு!

ஊசிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கடலை இல்லை, தேங்காய்தான். புரட்டாசிப் புழுக்கத்தில், அதுவும் கடலோர ஊரில், துருவிய பூ சில மணி நேரத்தில் புளித்துவிடும். பிறகு கடலையும் நூல் விடும். அதனால் நைவேத்தியத்துக்கு ஒரு கிண்ணம் மட்டும் முழுதாகத் தாளித்து, தேங்காய் தூவிப் படைத்துவிடுங்கள். மீதியை உப்புப் போட்டு வேகவைத்து, நீரை ஒட்ட வடித்து வையுங்கள். ஆள் வர வர, ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்துத் தேங்காய் சேருங்கள். சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடாதீர்கள். மூடியில் வேர்க்கும் நீர் சொட்டினாலும் கெடும்.

தாளிக்காமல் மிஞ்சியதை வெந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். கத்தரிக்காயோடு புளிக்குழம்பில் போடலாம். வடைக்கு அரைத்தால் மாவு தளரும். ஒரு கப் கடலைக்கு இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்தால் எண்ணெயில் உதிராது.

கேள்வி: மாட்டுப் பொங்கலன்று மிஞ்சும் சர்க்கரைப் பொங்கலையெல்லாம் தெரு மாடுகளுக்கு வைக்கிறோம். சரிதானே?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இலையில் ஒரு கைப்பிடி வைத்தால் சரி. வாளி வாளியாக வைப்பது தவறு. வெந்த அரிசி மாட்டின் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். அசைபோடுவது நின்று, வயிறு உப்பி, மாடு படுத்துவிடும், சாகவும் கூடும். நீங்கள் வைத்தது கொஞ்சம்தான் என்றாலும் அதே மாடு அடுத்த பத்து வாசலிலும் நின்றிருக்குமே! பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டால் பையையும் சேர்த்தே விழுங்கும். வீட்டுக்கு ஒரு ஆழாக்கு அரிசிக்கு மேல் இனிப்புப் பொங்கல் வேண்டாம். வெண்பொங்கல்தான் செலவாகும், இனிப்பு தங்கும்.

கேள்வி: திருவாதிரைக் களியும் ஏழுகறிக் கூட்டும் மறுநாளைக்கு ஆகுமா?
- வாசகி, சிதம்பரம்

பதில்: இரண்டையும் ராத்திரி வெளியே விடாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் ஆகும். களியில் நீர் தெளித்து ஏழு நிமிடம் ஆவியில் காட்டுங்கள். கூட்டில் வேண்டியதை மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்கவிட்டுச் சுண்டவையுங்கள். வெளியிலேயே கிடந்த களியைச் சுடவைத்து ஒப்பேற்ற வேண்டாம். அரிசிச் சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு கொதித்தாலும் அழியாது.