விபத்து நடந்த அன்றே எல்லாம் தெரிந்துவிடாது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நிலாவெளி வீதியில் என் தம்பியின் காரும் ஒரு வானும் மோதிக்கொண்டன. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லி அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுத்த நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வயிற்றில் பெல்ட் இறுக்கிய இடம் கன்றிப்போயிருக்கிறது. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்து, எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: செய்யாதீர்கள். இன்றைக்கே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.

எங்களுக்குக் கழுத்தை விட வயிறுதான் கவலை. பெல்ட் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இடுப்பெலும்பின் மேல் கிடக்க வேண்டிய பட்டி வயிற்றுக்கு ஏறியிருந்தால், மோதும் கணத்தில் குடலை முள்ளந்தண்டோடு சேர்த்து நசுக்கும். குடலில் சின்னக் கிழிசல் விழுந்தால் முதல் நாள் இலேசான வலிதான் இருக்கும். இரண்டாம் நாளில்தான் வயிறு பலகைபோல இறுகும், காய்ச்சல் வரும். இடப்பக்க விலாவின் கீழ் வலியும் இடது தோள்மூட்டு நுனியில் வலியும் சேர்ந்து வந்தால், மண்ணீரலில் இரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். சிறுநீர் சிவப்பாகப் போனாலும் பொறுத்திருக்க வேண்டாம். வெளியில் தெரியும் அந்த ஊதாக் கோட்டை வைத்தியரிடம் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றாமல் "கழுத்து வலி" என்று மட்டும் சொல்லி மாத்திரையோடு திரும்பி வருபவர்கள் பலர்.

கழுத்து நோ அடுத்த நாள் ஏறுவது வழமை. தலை முன்னும் பின்னும் வெட்டி இழுபடும்போது தசைநார்கள் கிழிகின்றன. அந்த வீக்கம் ஏற 24 முதல் 48 மணித்தியாலம் எடுக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் மாறிவிடும். ஆனால் கை விறைத்தால், விரல் பலம் குறைந்தால், கழுத்தின் நடு எலும்பைத் தொடும்போது நொந்தால் எக்ஸ்ரே எடுக்கும்வரை எவரும் அந்தக் கழுத்தைத் தொடக்கூடாது. நீவுவதும் நெட்டி முறிப்பதும் அசையாமல் இருக்கும் முறிவை அசைத்துவிடும். முதல் இரண்டு நாளில் சூடு கொடுத்தால் வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 நிமிடம் வையுங்கள். கன்னியாவுக்குப் பிறகு போகலாம்.

தலை அடிபட்டிருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. விடாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருப்பது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வயதானவர்கள், அதிலும் வோபரின் போன்ற இரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர்கள், இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட மறதியும் தடுமாற்றமுமாக வரக்கூடும். மண்டையோட்டுக்குள் மெதுவாகத் தேங்கும் இரத்தம் அது. விபத்தை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். நீங்கள் மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கிண்ணியாப் பாலத்தடியில் என் மோட்டார் சைக்கிளைக் கார் ஒன்று இடித்துக் கால் முறிந்துவிட்டது. கார்க்காரர் வீட்டுக்கு வந்து, "பொலிஸ் வேண்டாம் அண்ணன், 40,000 ரூபா தருகிறேன், ஒரு கடிதத்தில் ஒப்பம் போடுங்கள்" என்கிறார். வாங்கலாமா? (வாசகர், கிண்ணியா)

பதில்: மருந்துச் செலவுக்கென்று அவர் தருவதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் "இத்துடன் எல்லாம் தீர்ந்தது" என்று எழுதிய எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். முறிந்த எலும்பு சரியாகப் பொருந்தாமல் மீண்டும் சத்திரசிகிச்சை செய்ய நேரலாம். நீங்கள் எத்தனை மாதம் வேலைக்குப் போகமாட்டீர்கள் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு விலை பேசாதீர்கள்.

அவருடைய வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். அது இருப்பதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். அந்த வழி திறக்கப் பொலிஸ் முறைப்பாடு வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள், கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி. வேறு மொழியில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்திய பிறகே ஒப்பமிடுங்கள். எந்தப் பக்கத்தில் வந்தீர்கள், எங்கே இடித்தது, வெளிச்சம் எப்படி இருந்தது என்பதை விட்டுவிட வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சட்ட வைத்திய அதிகாரி. பொலிஸார் தரும் பரிசோதனைப் படிவத்தோடு அவர் உங்களைப் பார்த்துக் காயத்தை வகைப்படுத்துவார். எலும்பு முறிவு தண்டனைச் சட்டக் கோவையின் 311ஆம் பிரிவின்படி கடுங்காயம். காயம் ஆறி வடு மட்டும் மிஞ்சிய பிறகு போனால் அவர் எழுதக்கூடியது குறைந்துவிடும். டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே, மருந்துப் பற்றுச்சீட்டு, ஓட்டோக் கூலித் துண்டு, வேலைத்தலத்தில் சம்பளம் வெட்டிய கடிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். வெள்ளைப் பற்றுச்சீட்டு சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், போட்டோப் பிரதி எடுங்கள்.

இன்னொன்று. நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் தன் நட்டஈடும் வந்துவிடும் என்று பலர் காத்திருக்கிறார்கள். தண்டப்பணம் அரசுக்குப் போகிறது. நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகப் போட வேண்டியது, அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான். காப்புறுதிக் கம்பனிக்கும் வழக்குப் போடுமுன்போ போட்ட கையோடோ அறிவித்தல் போக வேண்டும். அது தவறினால் தீர்ப்பு உங்கள் பக்கம் இருந்தும் கம்பனி கைவிரித்துவிடலாம். ஆகவே சட்டத்தரணியை முதல் மாதங்களிலேயே பாருங்கள்.

கேள்வி: ஹபரணையிலிருந்து கந்தளாய் வரும் வழியில் இரவு மாடொன்றில் மோதினேன். வேகம் 70தான், லைட்டும் போட்டிருந்தேன். பிறகு ஏன் நிறுத்த முடியவில்லை? (வாசகர், கந்தளாய்)

பதில்: 70இல் போகும் கார் ஒரு செக்கனில் 19 மீற்றர் ஓடுகிறது. கண் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரைச் செக்கன் என்றால், பிரேக் பிடிக்குமுன்னரே 29 மீற்றர் போய்விட்டது. காய்ந்த தாரில் நிற்க இன்னும் 27 மீற்றர் வேண்டும். மொத்தம் 56. டிம் லைட்டில் கறுத்த மாடு தெளிவாகத் தெரிவதோ ஏறக்குறைய 40 மீற்றரில். நீங்கள் கண்டபோதே இடம் போதாமல்தான் இருந்தது. 50இல் வந்திருந்தால் 35 மீற்றரில் நின்றிருக்கும். நகருக்கு வெளியே காருக்குச் சட்டம் 70 அனுமதிக்கிறது, டிம் லைட் அனுமதிப்பதில்லை. மாரி காலத்தில் மாடுகள் சூடான தாரில் வந்து படுக்கும், ஈரத் தாரில் பிரேக் தூரமும் கூடும். எதிரே வாகனம் இல்லாதபோது ஹெட் லைட்டை உயர்த்துங்கள்.

யானை இன்னும் ஆபத்து. டிம் வெளிச்சம் கால்களில் மட்டும் விழும், கண்கள் அதற்கு மேலே இருப்பதால் மாட்டுக் கண்போல மினுங்காது. கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோன் அடிக்காமல், முன்னால் நிற்கும் வாகனத்தை முந்தாமல், அது கடக்கும்வரை காத்திருங்கள்.

கேள்வி: இடித்த லொறி நிற்காமல் போய்விட்டது, இலக்கமும் தெரியாது. வழியுண்டா? (வாசகி, மூதூர்)

பதில்: உண்டு. இடித்துவிட்டு ஓடிய வாகனங்களால் பாதிக்கப்பட்டோருக்கு வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையின் ஊடாக நட்டஈடு கேட்கலாம். அதற்கும் பொலிஸ் முறைப்பாடும் ஆஸ்பத்திரிப் பத்திரங்களும்தான் அடிப்படை. அருகிலுள்ள கடைகளின் கெமராப் பதிவை உடனே பொலிஸாரைக் கொண்டு எடுப்பியுங்கள், சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறி அழிந்துவிடும்.

கேள்வி: அடிபட்டவரை ஓட்டோவில் ஏற்றிப் போகலாமா? தலைக்கவசத்தைக் கழற்றலாமா? (வாசகர், சீனக்குடா)

பதில்: கழுத்து, முதுகு, தொடை அடிபட்டவரை மடக்கி ஓட்டோவுக்குள் திணித்தால் முறிந்த எலும்பு நரம்பை வெட்டலாம். மூச்சு இருந்தால், தீயோ மற்ற வாகனங்களோ நெருங்கவில்லை என்றால், கிடந்த இடத்திலேயே விட்டு 1990க்கு அழையுங்கள். இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று இடையில் தூக்கிப் பார்க்க வேண்டாம். கோப்பித்தூள், மஞ்சள் வேண்டாம். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகலாம். தலைக்கவசத்தை மூச்சு விட முடியாதபோது மட்டும், ஒருவர் கீழிருந்து கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, மற்றவர் பக்கங்களை விரித்து மெதுவாகக் கழற்ற வேண்டும்.