பாடி நடிக்கப் படிக்க ஆசைப்படும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை ஹட்டனில் நீங்கள் கேட்டதற்கு பஸ் வரும் நேரத்தில் நின்றபடி முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. "பாட்டுப் பாடி நடிக்கிறதுக்கும் பட்டமா சேர்? பொம்பளப் புள்ள, நாளைக்கு யாரு வேலை குடுப்பா?" என்றீர்கள். கொழுந்து பறித்தே பிள்ளையை உயர்தரம் வரை கொண்டுவந்த நீங்கள் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? அதனால்தான் ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

மகள் சொல்லும் மியூசிக்கல் தியேட்டர் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இசை நாடகம் என்று சொல்வது வேறு. அது ஹார்மோனியம், மிருதங்கத்தோடு புராணக் கதைகளைப் பாடி நடிக்கும் மரபு. மகள் சொல்வது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வளர்ந்த வகை. பேச்சு, பாட்டு, ஆட்டம் மூன்றையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். நமக்கு இது அப்படியொன்றும் அந்நியமில்லை. மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது, மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்பிப் பாடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் பாட்டை எடுத்துவிட்டால் கதையே நின்றுபோகும். மகள் படிக்க ஆசைப்படுவது அந்த வித்தையைத்தான். சின்ன வயதிலிருந்து தப்பு மேளச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை அவள்.

சரி, வெளிநாட்டில் போய்ப் படிக்கும் ஆசைக்கு வருவோம். அமெரிக்காவில் இந்தப் படிப்புக்குப் பரீட்சைப் பெறுபேறு மட்டும் போதாது, ஒடிஷன், அதாவது பாடி ஆடி நடித்துக் காட்டும் தேர்வு, இருக்கிறது. முதலில் வீடியோ அனுப்ப வேண்டும், அதைப் பிரீஸ்கிரீன் என்பார்கள். பெரும்பாலும் ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் அதற்கான கடைசித் திகதி வந்துவிடும். அதில் தேறியவர்களைத்தான் அடுத்த சுற்றுக்கு எடுப்பார்கள். ஜனவரி, பெப்ரவரியில் நியூயோர்க், சிக்காகோ போன்ற நகரங்களில் பல பல்கலைக்கழகங்கள் ஒரே இடத்தில் கூடித் தேர்வு வைப்பதும் உண்டு. பொதுவாகக் கேட்பது ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாட்டு, ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது. முழுப் பாட்டும் பாட விடமாட்டார்கள், 16 அல்லது 32 பார், அதாவது தாளக் கணக்கில் ஒரு சின்னப் பகுதி மட்டும்தான். அரை நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அப்புறம் அச்சில் வந்த நாடகமொன்றிலிருந்து ஒரு தனிப்பேச்சு, ஒரு நடன வீடியோ. பேர்பெற்ற இடங்கள் பலவற்றில் ஒரு வகுப்புக்குக் கொஞ்சப் பேரைத்தான் எடுப்பார்கள். முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 60,000 டொலரைத் தாண்டுகிறது.

இதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம். உங்கள் சேமலாப நிதியையும் தொட வேண்டாம். முழுப் புலமைப்பரிசில் கையில் வந்தால் போகலாம். வராவிட்டால் போகக் கூடாது. நான் இதில் உறுதியாக இருக்கிறேன், மகளிடமும் இப்படியே சொல்லுங்கள். ஆனால் ஆசையைக் கைவிடச் சொல்லாதீர்கள். அங்கே விண்ணப்பிக்கத் தேவையான பயிற்சியும், நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கத் தேவையான பயிற்சியும் முக்கால்வாசி ஒன்றுதான். குரல், உடம்பு, பேச்சு மூன்றையும் இப்போதே தயார்படுத்தினால் இரண்டு கதவையும் தட்டலாம். நம் கதவை முதலில் தட்டுவோம்.

மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே நாடகமும் அரங்கியலும், இசை, நடனம் எல்லாம் தமிழிலேயே பட்டமாகப் படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் உண்டு. கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்த வேலையில் பெரும்பகுதி நம் மலையிலேதான் நடந்தது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களை ஆட வைத்து, மட்டக்களப்புக் கூத்தைப் புதிதாக மேடையேற்றினார். அந்த மாணவர்களில் ஒருவரான மௌனகுரு பிறகு மட்டக்களப்பில் நாடகப் பேராசிரியரானார். கூத்தாடினால் படிப்புக் கெட்டுவிடும் என்று யாராவது லயன் வீடுகளில் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பரீட்சை விசயத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மூன்று பாடத்திலும் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, அதற்கு மேல் நல்ல இசட் புள்ளி, அதாவது மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் புள்ளி. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாடகம், இசை, நடனம் போன்ற பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பம் மட்டும் போதாது. செய்முறை, உளச்சார்புப் பரீட்சைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் போடும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அருமையாகப் பாடுவான், புள்ளியும் போதுமாக இருந்தது. ஆனால் ஒரு விண்ணப்பம் அனுப்பினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டான். அந்த வருடம் அவனுக்கு வீணாய்ப் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. பெறுபேறு வந்த நாளிலிருந்து ஆணைக்குழுவின் கையேட்டையும் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தையும் வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இனி பயிற்சி. இதை மகள் வாசிக்கட்டும்.

மகள், நீ சங்கீதம் படித்திருக்கிறாய். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையைத் தொடர்ந்து எழுது, விட்டுவிடாதே. ஆனால் மேற்கத்திய மேடைப் பாட்டில் ஒரு விசயம் மாறும். நமக்கு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதுதான் அழகு. அங்கே சுரத்தில் நேராகப் போய் நிற்க வேண்டும், சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்க வேண்டும். கமகமில்லாமல் ஒரு வரியைப் பாடிப் பார், ஆரம்பத்தில் வெறுமையாகத் தோன்றும். பழகப் பழக இரண்டும் உன் கைக்குள் வந்துவிடும். தொண்டையை இறுக்கி உச்சத்தைத் தொடாதே. வலித்தால் நிறுத்து. ஸ்ருதியை அரைக் கட்டை இறக்கிப் பாடுவதில் ஒரு வெட்கமும் இல்லை.

பாட்டு எடுக்கும்போது உன் வயதுக்குப் பொருந்துவதை எடு. பதினேழு வயதுப் பிள்ளை நாற்பது வயதுப் பெண்ணின் துயரத்தைப் பாடினால், தேர்வாளர்களுக்குக் குரல்தான் கேட்கும், ஆள் தெரியமாட்டாள். எடுத்த பாட்டை முதலில் ராகமில்லாமல் பேசிப் பார். பாட்டில் வரும் பெண் இந்த வார்த்தையை யாரிடம் சொல்கிறாள், அவரிடமிருந்து என்ன வேண்டுமென்று சொல்கிறாள் என்று கேள். அதற்கு விடை கிடைக்கும் வரை பாடாதே. தோட்டத்தில் ரதி வேஷம் கட்டிய பெரியவர் யாராவது இருந்தால் போய், அந்தப் புலம்பலை எங்கே மூச்செடுத்துப் பாடுவார் என்று கேட்டுப் படி. அவருக்கு வகுப்புக் கட்டணம் தேவையில்லை, ஒரு தேத்தண்ணி போதும். எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அது.

ஆங்கிலத்துக்கு ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் சத்தமாக வாசி. வெள்ளைக்காரரைப் போலப் பேச வேண்டியதில்லை, கடைசி வரிசையில் இருப்பவருக்குப் புரிந்தால் சரி.

வீடியோவை மழை நாளில் லயன் காம்பரா அறைக்குள் எடுக்காதே. தகரத்தில் மழை விழும் சத்தத்தில் உன் குரல் மூழ்கிவிடும். காலையில், பனி விலகிய பிறகு, பாடசாலை மண்டபத்தைக் கேட்டு வாங்கி எடு. ஃபோனைக் குறுக்காக வை, வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், நடனத்தில் கால் வரை தெரிய வேண்டும்.

அம்மா, வேலையைக் கேட்டீர்கள். மேடையை மட்டும் நம்பி வாழ்வது நம் நாட்டில் கஷ்டம், இதை மறைக்கமாட்டேன். ஆனால் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம், அதைப் படிப்பிக்கப் பட்டதாரிகள் வேண்டும். நம் மலையகப் பாடசாலைகள் பலவற்றில் அதற்கு ஆளே இல்லை. வானொலி, தொலைக்காட்சி என்று வேறு வழிகளும் உண்டு. படிக்கும் காலத்துக்கு மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் படிக்க விரும்பினால் இந்திய அரசின் ஐசிசிஆர் புலமைப்பரிசிலும் இருக்கிறது.

அடுத்த முறை ஹட்டனுக்கு வரும்போது மகளையும் கூட்டி வாருங்கள். ஒரு பாட்டும் ஒரு சின்னப் பேச்சும் தயாராக இருக்கட்டும். அவள் செய்யும்போது நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவள் மேடையில் பாடி நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்று சொன்னீர்கள் அல்லவா?