படம் இருக்கட்டும், குரலைத் தொடாமல் எடுங்கள்

பழைய வீடியோக்களிலிருந்து ஒலியை மட்டும் தனியே எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, பழைய பதிவுகளை மீட்கும் வேலையில் இருக்கும் எங்கள் ஒலிப்பதிவாளர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: அப்பா மேடையில் பேசிய பேச்சு ஒரு வீடியோ சிடியில் இருக்கிறது. இணையத்தில் ஒரு கன்வர்ட்டரில் போட்டு எம்பி3 ஆக்கினேன். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. சிடி கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. சிடி கெட்டிருந்தால் பேச்சு நடுநடுவே அறுந்துபோகும், அல்லது டக் டக்கென்று சத்தம் வரும். நீங்கள் சொல்லும் அந்தத் தண்ணீர்ச் சத்தம் கன்வர்ட் செய்ததில் வந்தது.

வீடியோ ஃபைல் என்பது ஒரு டப்பா. உள்ளே படம் தனி, ஒலி தனி. வீடியோ சிடியில் 'டாட்' (.dat) என்று முடியும் ஃபைலுக்குள் இருக்கும் ஒலி ஏற்கெனவே சுருக்கப்பட்டது. எம்பி2 என்ற முறையில், விநாடிக்கு 224 கிலோபிட், 44,100 ஹெர்ட்ஸ், அதாவது ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்த சாம்பிள்கள். வீடியோ சிடி என்றாலே இதுதான் கணக்கு. பேச்சுக்கு இது தாராளம். இதை எம்பி3 ஆக்கும்போது முதலில் விரித்து, மறுபடியும் வேறு முறையில் சுருக்குகிறார்கள். ஒவ்வொரு சுருக்கத்திலும் காதுக்குத் தேவையில்லை என்று மென்பொருள் நினைப்பதெல்லாம் போகும். கிலோபிட் அளவைக் குறைவாக வைத்துவிட்டால் மேல் ஸ்தாயி ஒலிகள் ஒரு கணம் வரும், மறுகணம் காணாமல் போகும். அதுதான் தண்ணீருக்குள் பேசுவதுபோல் கேட்கிறது.

ஆகவே கன்வர்ட் செய்யாதீர்கள், அப்படியே பிரித்தெடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இது ஒன்றுதான். லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, எல்லா ட்ராக்குகளையும் தனித்தனியே எடுக்கும் 'எக்ஸ்ட்ராக்ட்' கட்டளையைக் கொடுங்கள். ஒலி உள்ளே எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு பிட் மாறாமல் வெளியே வரும். உள்ளே வேலை செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி. அதையே நேராக ஓட்டத் தெரிந்தவர்கள் ஆடியோ கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கும் முறை, கேட்கும் இடத்தில் 'காப்பி' என்று கொடுத்தால் போதும்.

எடுப்பதற்கு முன் சிடியிலிருந்து ஃபைலைக் கணினிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பலருக்கு இங்கேதான் தடங்கல் வருகிறது, பாதியில் காப்பி நின்றுவிடும். அதற்குக் காரணம் உண்டு. சிடியில் தகவல் செக்டார் என்ற சின்னச் சின்னப் பகுதிகளாக எழுதப்படுகிறது. சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டாருக்கு 2048 பைட்தான் தகவல். மீதி இடத்தில் பிழை திருத்தும் குறியீடுகள் இருக்கும். வீடியோ சிடியின் பட செக்டாரில் அந்தத் திருத்தக் குறியீடுகளை எடுத்துவிட்டு 2324 பைட் திணித்திருப்பார்கள். அதனால் டேட்டா சிடி தாங்கிக்கொள்ளும் கீறலை இது தாங்காது. மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று சிரமமில்லாமல் படிப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதுவும் ஆகாவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள், படிக்க முடியாத செக்டார்களைத் தாண்டிக்கொண்டு மீதியை எடுத்துத் தரும்.

தாண்டினால் பேச்சு போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். எம்பி2 ஒலி 1152 சாம்பிள் கொண்ட சின்னச் சின்ன ஃப்ரேம்களாகத்தான் இருக்கிறது. ஒரு ஃப்ரேம் சுமார் 26 மில்லிவிநாடி. ஒன்றிரண்டு போனால் ஒரு சொல்லில் சின்னக் கீறல் விழும், அப்பாவின் வாக்கியம் புரியும்.

கைக்கு வந்த எம்பி2-வை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் கேட்க வேண்டும், உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றால் அதிலிருந்து 192 கிலோபிட்டில் ஒரு எம்பி3 செய்துகொள்ளலாம். அது கெட்டாலும் மூலம் இருக்கிறது.

கேள்வி: ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் 'ஏவிஐ' என்பதை 'எம்பி3' என்று மாற்றினால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

சரியில்லை. உள்ளே படம் அப்படியே இருக்கும். சில பிளேயர்கள் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்து இயக்குவதால் வேலை முடிந்துவிட்டதுபோல் தோன்றும், அவ்வளவுதான். உண்மையில் உள்ளே என்ன ஒலி இருக்கிறது என்று தெரிய, விஎல்சி என்ற இலவச பிளேயரில் ஃபைலை ஓடவிட்டு 'டூல்ஸ்' மெனுவில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' பாருங்கள். ஏவிஐ 1992-ல் வந்த டப்பா. அதற்குள் எம்பி3-யும் இருக்கலாம், டிவிடிகளில் வரும் ஏசி3-யும் இருக்கலாம், சுருக்காத பிசிஎம்-மும் இருக்கலாம். பார்த்துவிட்டு எடுங்கள். எந்தப் பெயரில் சேமிப்பது என்று குழப்பமாக இருந்தால் 'எம்கேஏ' என்று கொடுங்கள். ஏறக்குறைய எல்லா வகை ஒலியும் அதில் அடங்கும்.

கேள்வி: டிவிடி கேம்கார்டரில் எடுத்த குடும்ப வீடியோ. ஒலியை எடுத்தபோது பின்னணிச் சத்தமும் கைதட்டலும் இருக்கின்றன, பேசுபவர்களின் குரல் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கிறது. வீடியோவாகப் பார்த்தால் நன்றாகத்தான் கேட்கிறது.

உங்கள் கேமரா 5.1 முறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அதில் ஆறு சேனல்கள். எதிரே நின்று பேசுபவரின் குரல் பெரும்பாலும் நடு சேனலில்தான் போய் உட்காரும். நீங்கள் பயன்படுத்திய மென்பொருள் இடது, வலது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவை விட்டுவிட்டது. பார்க்கும்போது பிளேயர் ஆறையும் கலந்து தருகிறது, அதனால் குறை தெரிவதில்லை.

முதலில் ஏசி3 ட்ராக்கை அப்படியே எடுங்கள். பிறகு அதை ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் இலவச மென்பொருளில் திறங்கள். அதற்கு எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியே நிறுவியிருக்க வேண்டும். ஆறு ட்ராக்குகள் வரிசையாக விரியும். நடு சேனலான மூன்றாவதை மட்டும் 'சோலோ' போட்டுக் கேளுங்கள். குரல் அங்கே தெளிவாக இருக்கும். பேச்சு மட்டும் வேண்டுமென்றால் அந்த ஒன்றே போதும்.

இன்னொன்று, டிவிடியில் ஒரு பதிவு 1 ஜிபி அளவுக்கு மேல் போனால் பல 'விஓபி' ஃபைல்களாக வெட்டப்பட்டிருக்கும். பெயரின் கடைசி எண் 0 என்றால் அது மெனு. 1-லிருந்து வரிசையாகச் சேர்த்த பிறகே ஒலியை எடுங்கள். தனித்தனியே எடுத்து ஒட்டினால் ஒட்டுமிடத்தில் ஒரு சொல் கடிபடும்.

கேள்வி: பழைய மொபைலில் எடுத்த, '.3gp' என்று முடியும் வீடியோவில் என் மகளின் மழலைப் பேச்சு இருக்கிறது. 320 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் தரம் கூடுமா?

கூடாது, ஃபைல்தான் பெருக்கும். அந்தக் கால மொபைல்கள் பெரும்பாலும் ஏஎம்ஆர் முறையில் பதிவு செய்தன. தொலைபேசிப் பேச்சுக்காகச் செய்யப்பட்ட முறை அது. விநாடிக்கு 8000 சாம்பிள், உச்சத்தில் 12.2 கிலோபிட். ஒரு நிமிடப் பேச்சு 100 கிலோபைட்டைக்கூடத் தொடாது. சாம்பிள் எண்ணிக்கையில் பாதி, அதாவது 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே பதிவாகவில்லை. பதிவாகாததை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. செயற்கை நுண்ணறிவு கொண்டு மெருகேற்றித் தருகிறோம் என்பவர்கள் ஊகித்து நிரப்புகிறார்கள். வேறு பதிவுக்கு அது பரவாயில்லை. குழந்தையின் குரலில் ஊகத்தைக் கலக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஏஎம்ஆரை அப்படியே எடுத்து வையுங்கள். சுருக்காத ஒரு வேவ் பிரதியும் செய்யுங்கள், அதில் ஒலி அளவை மட்டும் கொஞ்சம் ஏற்றலாம். அந்த மெல்லிய குரலுக்குச் சின்ன ஸ்பீக்கரைவிட ஹெட்ஃபோன் நல்லது.

கேள்வி: 'ஆர்எம்', 'எஃப்எல்வி' ஃபைல்கள் எதிலுமே திறக்கவில்லை.

விஎல்சி-யில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் திறக்கும். எஃப்எல்வி என்பது ஃப்ளாஷ் வீடியோ, ஆர்எம் என்பது ரியல்மீடியா. ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பரோடு நின்றுவிட்டது, ஆனால் எஃப்எல்வி ஃபைலைப் படிக்க ஃப்ளாஷ் தேவையில்லை. உள்ளே எம்பி3 அல்லது ஏஏசி இருந்தால் அப்படியே எடுங்கள். ரியல்மீடியாவின் ஒலியை இன்று பல கருவிகள் படிப்பதில்லை. அதை மட்டும், மூல ஃபைலோடு சேர்த்து, ஃப்ளாக் வடிவில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். ஃப்ளாக் சுருக்கும், ஆனால் எதையும் இழக்காது.

கேள்வி: எடுத்த ஒலி இடது காதில் மட்டும் கேட்கிறது. வலது பக்கம் வெறும் இரைச்சல். மோனோ ஆக்கினால் சரியாகுமா?

நேராக மோனோ ஆக்கினால் இரைச்சலும் குரலோடு கலந்துவிடும், குரலும் பாதியாகக் குறையும். ஆடாசிட்டியில் ட்ராக்கின் பெயரருகே இருக்கும் மெனுவில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுங்கள். இரண்டாகப் பிரிந்ததும் இரைச்சல் இருக்கும் ட்ராக்கை நீக்கிவிட்டு, குரல் இருப்பதை மோனோவாக ஃப்ளாக்கில் சேமியுங்கள். இரண்டு காதிலும் கேட்கும். நீக்குவதற்கு முன் அந்த இரைச்சல் பக்கத்தைக் கடைசிவரை ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள். சில கேமராக்களில் ஒரு பக்கம் மேடை மைக்கும் மறுபக்கம் கேமராவின் சொந்த மைக்கும் இருக்கும். அருகில் இருந்தவர்கள் பேசியது அங்கே பதிவாகியிருக்கலாம்.