என்ன கலப்பு என்று தெரியாத நாய் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

உங்கள் நாய் கருப்பியைப் பற்றி நீங்கள் எழுதியதை எல்லாம் என் பையனுக்கு வாசித்துக் காட்டுவேன். அதனால்தான் இந்த வம்பே வந்தது என்றும் சொல்லலாம். இரண்டு வருடமாக நாய் வேண்டும் என்று நச்சரிக்கிறான். அவனுக்கு எட்டு வயது, பாப்பாவுக்கு மூன்றரை. திண்டுக்கல்லில் தனி வீடு. முன்னால் கொஞ்சம் வாசல், பின்னால் துணி காயப்போடும் இடம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பகலில் என் மாமியார்தான் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது இரண்டு நாய்கள் கிடைக்கிற மாதிரி இருக்கிறது. கணவரின் நண்பர் வீட்டு லேப் (லேப்ரடார்) குட்டி போட்டிருக்கிறது. அப்பா ராஜபாளையம் என்கிறார்கள். "லேபோட சாதுவும் ராஜபாளையத்தோட காவலும் சேர்ந்து வரும், பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு இந்த கிராஸ்தான் சரி" என்கிறார் நண்பர். குட்டிகளுக்கு 35 நாள் ஆகிறது. வந்து தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறார்.

இன்னொன்று எங்கள் தெரு டீச்சர் வீட்டு நாய். இரண்டரை வயதுப் பெண் நாய், கருத்தடை செய்தது. என்ன கலப்பு என்று யாருக்கும் தெரியாது. முகம் கோம்பை நாய் மாதிரி, வால் பொமரேனியன் மாதிரி சுருண்டு, ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். டீச்சருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். மே மாதம் பெங்களூருக்குக் குடிபோகிறார்கள், அங்கே நாயை வைத்துக்கொள்ள முடியாதாம்.

எல்லோரும் குட்டியைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். வளர்ந்த நாய் ஒட்டாதாம். மாமியார், "தெரு நாய்க் கலப்பைக் கொண்டுவராதே, பச்சப்பிள்ளை இருக்கிற வீடு" என்கிறார். என்ன செய்யட்டும்?

ர.

*

அன்புள்ள ர.,

நான் டீச்சர் வீட்டு நாயின் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் நண்பர் போடும் கணக்கு எல்லோரும் போடுவதுதான். லேபிடமிருந்து சாது, ராஜபாளையத்திடமிருந்து காவல். சரி, லேபின் பெருந்தீனியும் ராஜபாளையத்தின் பிடிவாதமும் சேர்ந்து வந்தால்? அம்மா நிறம், அப்பா மூக்கு என்று நாம் மனிதக் குழந்தைக்குப் போடுகிற கணக்கு என்றைக்காவது பலித்திருக்கிறதா?

ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு கதை இதற்குப் பொருத்தம். ஹவாயில் பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் முடி ஆகாது. வாலி கான்ரன் என்பவர் அப்போது ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் இருந்தார். முடி அதிகம் உதிராத பூடில் நாய்களை எடுத்துப் பழக்கிப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் 1989இல் லேபையும் பூடிலையும் இணைசேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியும் எச்சிலும் ஹவாய்க்குப் போயின. அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே நாளில் பிறந்த மூன்று. இன்றைக்கு 'லேப்ரடூடில்' என்று உலகம் முழுக்கப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். கான்ரன் பின்னாளில், நான் அதைச் செய்திருக்கவே கூடாது என்று வருத்தப்பட்டார்.

இதிலாவது அப்பா யார் என்று சந்தேகம் கிடையாது. உங்கள் கடிதத்தில் "என்கிறார்கள்" என்று இருக்கிறது. பருவத்துக்கு வந்த நாட்களில் ஒரு பெண் நாய் இரண்டு மூன்று ஆண் நாய்களோடு சேர்ந்தால், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வேறு வேறு அப்பாக்கள் இருக்கலாம். கேட் திறந்து கிடந்த ஒரு மத்தியானம் போதும். அப்புறம் எந்தக் குட்டி ராஜபாளையம், எந்தக் குட்டி முக்குக்கடை நாய் என்று யார் கண்டது?

அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் கேள்விகள் கேட்டு, இரண்டாயிரத்துச் சொச்சம் நாய்களின் மரபணுவையும் படித்து, 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கலப்பு நாய்களும் நிறைய அதில் இருந்தன. ஒரு நாயின் நடத்தைக்கும் இன்னொரு நாயின் நடத்தைக்கும் இருக்கிற வித்தியாசத்தில் இனம் என்பது விளக்கக்கூடியது சுமார் 9 சதவீதம்தான் என்று தெரிந்தது. சொன்னதைக் கேட்கிற குணத்துக்காவது இனத்தோடு ஓரளவு தொடர்பு இருந்தது. சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதற்கு, அதாவது நீங்கள் கவலைப்படுகிற அந்த ஒரு விஷயத்துக்கு, இனம் கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லவில்லை.

அதற்காக இனமே பொய் என்று நான் சொல்லமாட்டேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்கென்று வளர்த்த நாய்கள். எதிரே ஒன்று ஓடினால் கால் தானாகக் கிளம்பும். மூன்றரை வயதுப் பிள்ளை வீட்டில் நடப்பதா, ஓடுவதா? தூய வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் உண்டு. தூங்கும்போது தொட்டால் அது திடுக்கிட்டுப் பல்லைக் காட்டும். லேபையும் சும்மா சொல்லக்கூடாது. எட்டு மாதத்தில் 25 கிலோ இருக்கும், புத்தி மட்டும் குட்டியாகவே இருக்கும். உங்கள் பாப்பா 14 கிலோ இருப்பாளா? ஆசையாக ஓடிவந்து ஒரு இடி இடித்தால் போதும், கடிக்கவே வேண்டாம்.

இதெல்லாம் பின்னால் வருவது. உடனடிக் கஷ்டம் அந்த 35 நாள்தான். குட்டி எட்டு வாரமாவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை ஒரு குட்டி இன்னொரு குட்டியிடம்தான் கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். அந்தப் பள்ளிக்கூடத்தை முடிக்காத குட்டி உங்கள் வீட்டுக்கு வந்தால், மிச்சப் பாடத்தைப் பாப்பாவின் காலில் படிக்கும். பால் பல் 28, ஒவ்வொன்றும் ஊசி. அது விழுந்து முளைக்க ஆறு மாதம் ஆகும். நம் ஊரில் ஒரு மாதம் ஆனதும் தள்ளிவிடப் பார்ப்பதற்குக் காரணம் எளிது, அதற்கு மேல் குட்டிகள் தின்ன ஆரம்பித்துவிடும். ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி நாலு மாதம் வரை மாட்டாஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து தடுப்பூசி போட வேண்டும். நடுவில் பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் குட்டி இரண்டு நாளில் போய்விடலாம், அதைப் பையனுக்கு எப்படிச் சொல்வீர்கள்? பகலில் இந்தக் குட்டியை யார் பார்ப்பது? பாப்பாவையும் பார்த்துக்கொண்டு உங்கள் மாமியார்தானே?

வளர்ந்த நாயில் இந்த ஆரூடமெல்லாம் கிடையாது. உயரம் இவ்வளவுதான், குரல் இவ்வளவுதான், குணம் இதுதான். என்ன கலப்பு என்று தெரியாவிட்டால் என்ன, நாய் கண்முன்னே நிற்கிறதே! போய்ப் பாருங்கள்.

முதல் தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். டீச்சர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமாகப் பார்த்துப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். "கடிக்குமா?" என்று கேட்காதீர்கள், யாரும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. "எப்போ உறுமும்?" என்று கேளுங்கள். "உறுமவே உறுமாது" என்றால் எனக்குத் திருப்தி இல்லை. "தூங்கும்போது வாலைப் பிடித்து இழுத்தால் லேசாக உறுமிவிட்டு எழுந்து போய்விடும்" என்றால் மிகவும் நல்லது. எச்சரித்துவிட்டு விலகத் தெரிந்த நாய் அது. உறுமியதற்காக அடிவாங்கி வளர்ந்த நாய்தான் சத்தமில்லாமல் கடிக்கும்.

சாப்பிடும்போது பக்கத்தில் ஆள் நடந்தால் என்ன செய்கிறது என்று பாருங்கள். எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால், குழந்தை வீறிட்டு அழுதால் எங்கே போகிறது? வாலை ஆட்டுவதை மட்டும் நம்பாதீர்கள், பதற்றத்திலும் வால் ஆடும். பிடிக்காதபோது நாய் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கடைக்கண் வெள்ளை தெரியப் பார்க்கும். உடம்பு அப்படியே விறைத்து நின்றால் அதுதான் கடைசி எச்சரிக்கை. டீச்சரின் பிள்ளைகள் கட்டிப்பிடிக்கும்போது இதெல்லாம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், பிள்ளைகளோடு வளர்ந்த நாய் என்பதற்கு, பிள்ளைகளைப் பொறுத்துக்கொண்டு வளர்ந்த நாய் என்று பொருள். அப்படியானால் வேண்டாம். கூடவே தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பாருங்கள், ரேபிஸ் ஊசி வருடாவருடம் போட்டிருக்க வேண்டும்.

கருப்பியைப் பற்றி இனிக்க இனிக்க எழுதியவள் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது என் மகனுக்கு நாலு வயது. கருப்பி மாடிப்படிக்குக் கீழே எலும்பு கடித்துக்கொண்டிருந்தது. இவன் பக்கத்தில் பொம்மைக் கார் உருட்டிக்கொண்டிருந்தான். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போனேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. கார் எலும்புக்குப் பக்கத்தில் உருண்டுவிட்டது, இவன் எடுக்கக் கையை நீட்டினான். முன்கையில் இரண்டு பல், ரத்தம். என் அம்மா மஞ்சள் டப்பாவோடு ஓடிவந்தார். நல்லவேளை, பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா அதைப் பிடுங்கி வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தார். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. கழுவுவதுதான் முதல் மருந்து. அப்புறம் நேராக அரசு மருத்துவமனை. வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது, டாக்டர் சொல்லட்டும். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று தேதி எழுதிக் கொடுப்பார்கள். அங்கே இலவசம்தான், ஆனால் ஒரு தேதியையும் விடக் கூடாது.

கருப்பி சாதுவான நாய். அதற்குப் பிறகு ஏழு வருடம் எங்களோடு இருந்தது, யார் மேலும் பல் பட்டதில்லை. அன்றைக்குத் தப்பு என்னுடையது. பல்லைக் காட்டுகிற நாயைப் பார்த்து, சிரிக்கிறது என்று நினைக்கிற வயது அது. உங்கள் பாப்பாவுக்கும் அதே வயதுதான். அதனால் எந்த நாயை எடுத்தாலும், பாப்பாவும் நாயும் தனியாக ஒரு அறையில் இருக்கக் கூடாது. குக்கர் விசில் அடித்தால்கூட இரண்டில் ஒன்றை உடன் கூட்டிக்கொண்டு போங்கள். கொல்லைப்பக்க நிலையில் இடுப்புயரத்துக்கு ஒரு தட்டிக்கதவு போட்டால் மாமியாருக்கும் நிம்மதி. நாய் சாப்பாடு அந்தப் பக்கம், பாப்பா இந்தப் பக்கம்.

மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தெரு நாய்க் கலப்பு என்று அவர் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். வம்சம் பார்த்து வாங்கிய நாய்க்கும் அதே பல்தான். ஆனால் பயம் நியாயமானது, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அந்த நாயோடு இருக்கப்போவது அவர்தான். இரண்டாம் தடவை போகும்போது பையனுக்கு முன்னால் அவரைக் கூட்டிப்போங்கள். நாய் தானாக வந்து மோந்து பார்க்கட்டும், யாரும் தள்ளிவிட வேண்டாம். பார்த்த பிறகும் அவர் வேண்டாம் என்றால் இரண்டு நாயுமே வேண்டாம். பையன் அழுவான்தான். பாப்பா பள்ளிக்கூடம் போனதும் மறுபடி பேசலாம்.

வளர்ந்த நாய் ஒட்டாது என்பதெல்லாம் சும்மா. ஒட்டும், நேரம் எடுக்கும். முதல் வாரம் கேட் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுத் திசையைப் பார்க்கும், சோறு வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. கொஞ்சிக் கொஞ்சித் தொந்தரவு செய்யாதீர்கள். அது படுத்த பழைய சாக்கு, சாப்பிட்ட தட்டு இரண்டையும் கேட்டு வாங்கிவந்துவிடுங்கள். மே மாதம்வரை காத்திருக்காமல் இப்போதே இரண்டு வாரம் உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று டீச்சரிடம் கேளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் திரும்பிப் போக அதற்கு ஒரு வீடு இன்னும் அந்தத் தெருவிலேயே இருக்கும்.

கடிதத்தில் காது, வால் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், அதன் பெயரை எழுதவில்லை. பையன் இந்நேரம் புதுப் பெயர் ஒன்று யோசித்து வைத்திருப்பான். பழைய பெயரே இருக்கட்டும் என்று அவனிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: மிச்சமான சாம்பார் சாதத்தைப் போட்டுவிடாதீர்கள், வெங்காயம் நாய்க்கு ஆகாது. பாப்பா கையில் இருக்கிற சாக்லேட்டும் திராட்சையும்கூடத்தான். கருப்பிக்கு மத்தியானம் தயிர் சாதமும் அவித்த முட்டையும் போடுவோம்.