பால் திரிந்த வீட்டில் பேய் இருக்கிறதா?

தஞ்சாவூரிலிருந்து, வங்கிப் பணியில் இருக்கும் வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு மாதங்களாக அவர் வாசித்த புத்தகங்கள், இரவில் பார்த்த பேய்ப் படங்கள், அவற்றால் வீட்டில் நேர்ந்த சங்கடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கேள்விகள் நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதால், இந்த முறை பக்கம் முழுவதும் அவருக்கே.

கே: ‘டிராகுலா’ நாவலை அண்மையில்தான் வாசித்து முடித்தேன். பயந்து நடுங்கப் போகிறேன் என்று எதிர்பார்த்தால், ரயில் நேரமும் கடிதமும் நாட்குறிப்புமாகவே போகிறது. என் வாசிப்பில் குறையா?

ப: குறை உங்களிடம் இல்லை. நீங்கள் அலுப்பு என்று நினைத்ததுதான் அந்த நாவலின் சூட்சுமம் என்பேன். 1897இல் அதை வெளியிட்ட பிராம் ஸ்டோக்கர், இளமையில் டப்ளினில் அரசுப் பணி பார்த்தவர். 1879இல் அயர்லாந்தின் சிறு நீதிமன்ற எழுத்தர்களுக்கான கடமைகளைத் தொகுத்து ஒரு கையேடே போட்டவர். அந்தக் கோப்பு எழுதும் கைதான் நாவலையும் எழுதியிருக்கிறது. கதை தொடங்குவதே, ம்யூனிக்கிலிருந்து இரவு 8.35க்குப் புறப்பட்ட ரயில் வியன்னாவுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்ற குறிப்பில்தான். வழியில் சாப்பிட்ட மிளகாய்க் கோழிக் குழம்பின் செய்முறையை மணக்கப் போகிறவளுக்காகக் கேட்டு வாங்க வேண்டும் என்றும், இந்த நாட்குறிப்பை எழுதும் இளம் வழக்கறிஞர் குறித்து வைத்துக்கொள்கிறார். இப்படிக் கணக்குப் பார்த்து எழுதுகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்று நாம் நம்பிவிடுகிறோம். பின்னால் அவர் எதைச் சொன்னாலும் தள்ள முடிவதில்லை.

உங்களுக்கு அந்தப் படுக்கைக் காட்சி நினைவிருக்கிறதா? அந்த வழக்கறிஞர் விருந்தாளியாகத் தங்கும் கோட்டையில் வேலையாட்கள் இருப்பதைப் போலவே டிராகுலா பிரபு பேசிவருகிறார். ஒருநாள் விருந்தாளி அறைக்குத் திரும்பினால், படுக்கையைத் தட்டி விரித்துக்கொண்டிருப்பவர் பிரபுவேதான். பிறகு கதவிடுக்கின் வழியாகப் பார்க்கும்போது சாப்பாட்டு மேசையைத் தயார் செய்துகொண்டிருப்பவரும் அவரே. அப்படியானால் இத்தனை பெரிய கோட்டையில் இவர்கள் இருவரைத் தவிர வேறு யாருமே இல்லை. ரத்தம் குடிக்கும் காட்சிகளையெல்லாம் விட, ஒருவர் போர்வையை மடிக்கும் இந்தக் காட்சிதான் என்னை உலுக்கியது.

தமிழில் இதற்கு நிகராக ஒன்றை வாசிக்க விரும்பினால், புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை மனைவி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய காரியம். அதன்பின் பயம் கண்ணைக் காட்டிலும் மூக்கின் வழியாகவே அதிகம் வருகிறது.

கே: படங்களுக்கு வருகிறேன். நம் ஊர்ப் பேய்ப் படங்கள் ஏன் நகைச்சுவையில் போய் முடிகின்றன?

ப: 2007இல் ‘முனி’, 2011இல் ‘காஞ்சனா’ என்று பயத்தையும் சிரிப்பையும் கலந்த படங்கள் குடும்பத்தோடு வருகிறவர்களைத் திரையரங்குக்கு இழுத்தன; ஓடிய வழியிலேயே மற்றவர்களும் ஓடினார்கள், அவ்வளவுதான். சிரிப்பின் மேல் எனக்குப் புகார் இல்லை. இடைவேளைக்குப் பிறகு தவறாமல் வரும் முன்கதையின் மேல்தான் புகார். பேய்க்கு ஊர், பேர், கொலை, கொலைகாரன் எல்லாம் தெரிந்துவிட்ட பிறகு நாம் அதற்காக இரக்கப்படத் தொடங்கிவிடுகிறோம். இரக்கம் வந்த இடத்தில் பயம் நிற்பதில்லை.

ஆனால் இதைச் சினிமாவின் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாக வந்து, கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையின் முன் மனைவியாக நின்று அழுகிறாள். அவளை நம்பிய வேளாளர் எழுபது பேர், அவளோடு போக அஞ்சிய அந்தக் கணவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் தங்கள் உயிரையே தருவதாக வாக்குக் கொடுத்து, அவன் இறந்த பிறகு சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. ‘நீலிக் கண்ணீர்’ என்று நாம் இன்றும் சொல்வது அந்த அழுகையைத்தான். நியாயம் கேட்டு வரும் பேய் நமக்கு மிகப் பழையது. நீலியின் கதையில் அந்த எழுபது பேர் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்வி கடைசிவரை உறுத்துகிறது. இன்றைய படங்கள் அந்த உறுத்தலைத்தான் விட்டுவிட்டன.

கே: அப்படியானால் உங்களைப் பயமுறுத்திய தமிழ்ப் படம் எது?

ப: 2009இல் வந்த ‘யாவரும் நலம்’. புது அடுக்குமாடி வீட்டில் பால் தினமும் திரிந்துபோகிறது. நாயகன் தனியாக ஏறினால் மட்டும் லிப்ட் நகர்வதில்லை. பெண்கள் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் அந்தக் குடும்பத்தின் கதையே ஓடுகிறது. பால் காய்ச்சிக் குடிபுகும் வழக்கமுள்ள நமக்கு, திரிந்த பாலைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் வந்த ‘ஈரம்’ தண்ணீரை வைத்துக்கொண்டே பயமுறுத்தியது. இரண்டையும் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கே: ஒரு படம் பார்த்துவிட்டுப் படுத்த இரவு, விழித்தும் கைகாலை அசைக்க முடியவில்லை, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அம்மாச்சி ‘அமுக்குவான் பேய்’ என்று விபூதி பூசினார். உங்களுக்கு இப்படி ஏதும் நேர்ந்ததுண்டா?

ப: அம்மாச்சி வைத்த பெயர் நல்ல பெயர். மருத்துவர்கள் இதைத் தூக்க முடக்கம் என்பார்கள். கனவு காணும் கட்டத்தில், கண்கள் இமைக்குள் வேகமாக அசைந்துகொண்டிருக்கும்போது, நாம் எழுந்து ஓடிவிடாதபடி உடலின் தசைகளை மூளை செயலற்றதாக்கி வைக்கிறது. அந்தப் பூட்டு திறப்பதற்குள் மனம் விழித்துக்கொண்டால், கனவின் மிச்சம் அறைக்குள்ளேயே நிற்பதுபோல் தோன்றும். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ கலைந்துவிடும். தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் இது வர வாய்ப்பு அதிகம். ஆகவே ஆண்டு இறுதிக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் நள்ளிரவுப் படங்களைத் தள்ளிப்போடுங்கள். அடிக்கடி நேர்ந்தாலோ, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்தாலோ மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். விபூதியையும் நிறுத்த வேண்டாம், அம்மாச்சி வருத்தப்படுவார்.

எனக்கு நேர்ந்தது இதைவிடச் சாதாரணமானது. போன மழைக்காலத்தில், கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட மலையாளப் படமான ‘பிரமயுகம்’ பார்த்து முடித்தபோது மணி ஒன்றரை. தண்ணீர் குடிக்க எழுந்தால் மின்சாரம் போய்விட்டது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. இருட்டில் சமையலறையிலிருந்து சீரான இடைவெளியில் ‘டொக், டொக்’ என்று கேட்டது. பிறகு எவரோ தட்டை எடுத்து வைத்ததுபோல் ஒரு ஓசை. கைபேசி வெளிச்சத்தை நீட்டிக்கொண்டு நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கழுவிக் கவிழ்த்த இட்லித் தட்டு ஒன்று மேடையிலிருந்து தொட்டிக்குள் சரிந்து கிடந்தது. அதன் மேல் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது: “வாஷர் போயிடுச்சு, மாத்துங்கன்னு ஒரு மாசமா சொல்றேன்.” மறுநாள் காலை, வேறு எந்த வேலையும் தொடங்குவதற்கு முன், குழாய்க்காரரை அழைத்தேன்.