பழைய சாமான்களை வைத்தே வாடகை வீட்டில் ஒரு வாசிப்பு மூலை அமைக்க முடியுமா? எவ்வளவு செலவாகும்?

முடியும். எனக்கு 2,620 ரூபாய் ஆனது. ஏமாந்து தொலைத்த 1,400 ரூபாயை இதில் சேர்க்கவில்லை. அந்தக் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும், உங்களுக்கு அதிகம் உதவப்போவது அதுதான்.

நாங்கள் இருப்பது தருமபுரியில், நான்கு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மாடி வீடு. ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரம்மா சொன்ன முதல் நிபந்தனை. வாடகையைக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னார்.

நான் முதலில் வாங்கியது புத்தக அலமாரி. பழைய மரச்சாமான் கடையில், பளபளவென்று வார்னிஷ் அடித்து, கருந்தேக்கு நிறத்தில் நின்றது. 1,400 ரூபாய். தேக்கென்றே நினைத்தேன். மூன்றாவது வாரம் பெருக்கும்போது, அலமாரியின் காலடியில் பொட்டுக்கடலை மாவைத் தூவியது போலப் பொடி. துடைத்தால் மறுநாளும் அதே பொடி. மாமியார் வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "இது உளுத்த மரம்மா, உள்ள பூச்சி தின்னுக்கிட்டு இருக்குது" என்றார். புத்தகங்களை எடுத்துவிட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் தடவி, வெயிலில் வைத்து என்னென்னவோ செய்தேன். பொடி நிற்கவில்லை. கடைசியில் வெந்நீர் அடுப்புக்குத்தான் போனது.

அதனால் பழைய மரம் வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். கவிழ்த்து அடியைப் பாருங்கள், வார்னிஷ்காரர் அங்கே கை வைத்திருக்க மாட்டார். குண்டூசி நுழைகிற அளவில் ஓட்டைகள் இருந்தால், அதன் பக்கத்தில் தட்டுங்கள். புதுப்பொடி உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. ஓட்டை மட்டும் இருந்து பொடி வராவிட்டால் பழைய கதையாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் வாங்கி வந்து இரண்டு இரவு வெள்ளைத்தாள் மேல் நிறுத்திப் பாருங்கள், புத்தகத்தின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். இந்தப் பூச்சி பெரும்பாலும் மரத்தின் வெளிர் நிறப் பகுதியைத்தான் தின்னும், வைரம் பாய்ந்த பகுதியை அவ்வளவாகத் தொடாது. என் அலமாரி முழுக்க வெளிர் மரம், மேலே சாயம்.

சரி, மூலைக்கு வருவோம். இடத்தை முடிவு செய்ய நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். ஹாலின் மேற்குச் சுவர் பக்கம்தான் காலியாக இருந்தது. ஆனால் சித்திரை, வைகாசியில் சாயங்காலம் அந்தச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல். கிழக்கு ஜன்னல் பக்கம் நாலடிக்கு நாலடிதான் கிடைத்தது, அதுவே போதுமாக இருந்தது. அங்கே இருந்த தையல் மெஷின் மேற்குப் பக்கம் போனது.

அப்புறம் நாற்காலி. நேரத்தையும் காசையும் இதில் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அரசு அலுவலகங்களில் கழிவு செய்த தளவாடங்களை ஏலம் விடும்போது பெரும்பாலும் மொத்தமாகத்தான் போகும். அதை எடுப்பவர்கள் பழைய சாமான் கடைகளுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படி வந்த கை வைத்த நாற்காலி ஒன்று, பிரம்பு பிய்ந்து தொங்கிக்கொண்டு, பீரோக்களுக்குப் பின்னால் கிடந்தது. அடியில் வெள்ளைப் பெயின்டில் ஏதோ எண் எழுதியிருந்தது. 600 ரூபாய், ஆட்டோவுக்கு 100.

மெத்தை வைத்த பழைய சோபாவை நான் தொடவே மாட்டேன். உள்ளே மூட்டைப்பூச்சி இருந்தால் வெளியே தெரியாது, வீட்டுக்குள் வந்துவிட்டால் போகாது. பிரம்பு நாற்காலியிலும் பிரம்பு கோக்கும் ஓட்டைகள்தான் அதற்குக் குடியிருப்பு. பழைய பிரம்பை முழுக்க அறுத்து எறிந்துவிட்டு, மாடியில் வைத்து, ஓட்டை ஓட்டையாகக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். பாலீஷ் வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிட்டது. எப்படியும் தேய்க்கத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் நல்ல வெயில். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கை வார்னிஷ். பிரஷ்ஷோடு சேர்த்து 340 ரூபாய்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்கள் வாங்கியது பெயின்ட் அடித்த பழைய சாமான் என்றால் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தண்ணீர் தொட்டு, வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் இல்லாத நேரத்தில், மூக்கைக் கட்டிக்கொண்டு தேயுங்கள்.

நாற்காலி பின்னியவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பார்வை இல்லாதவர். பார்வையற்றோருக்கு இந்தத் தொழிலைப் பயிற்சியாகக் கற்றுக்கொடுப்பார்கள், இவரும் சின்ன வயதில் அப்படிப் படித்தவர்தான். வயர் போடட்டுமா, பிரம்பா என்று கேட்டார். வயர் மலிவு, ஈரத்துக்கும் தாங்கும், ஆனால் வெயில் காலத்தில் தொடை ஒட்டும். பிரம்பே போடுங்கள் என்றேன். 900 ரூபாய். பிரம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு ஓட்டைகளை விரலால் எண்ண ஆரம்பித்தார். "முன்னால ஓட்டை அதிகம்மா, பின்னால கம்மி" என்றார். உட்காரும் பலகை முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். அதனால் ஓரத்துப் பிரம்புகள் பின்வரிசைக்குப் போகாமல் பக்கவாட்டு ஓட்டைகளில் முடியுமாம். நடு ஓட்டையில் ஒரு ஆணியைச் செருகிவிட்டு அங்கிருந்து இரண்டு பக்கமும் போனார். நேராக இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைவாட்டில் இரண்டு, ஆக ஆறு ஓட்டம். நாலாவது ஓட்டம் வரை வெறும் கட்டம்தான். ஐந்தாவதில்தான் அந்தக் கண் கண்ணான பின்னல் திறக்க ஆரம்பிக்கிறது.

இடையில் கைப்பிடியைத் தடவிவிட்டு, "இதுல உக்காந்தவர் இடது கைய ஊனிக்கிட்டே இருந்திருப்பார்மா" என்றார். "எப்படிண்ணா தெரியும்?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். உண்மைதான், இடது கைப்பிடி ஒரு கீற்றுப் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. இத்தனை நாள் உப்புத்தாள் போட்டவள் நான், எனக்குத் தெரியவில்லை.

அலமாரிக்குப் பதிலாக ஆப்பிள் பெட்டிகள். காஷ்மீர் ஆப்பிள் இன்னும் மரப்பெட்டியிலும் வருகிறது. பழக் கடையில் ஒரு பெட்டி 40 ரூபாய் என்று ஆறு எடுத்தேன், 240. மெல்லிய பலகை, சின்ன ஆணி, அப்படியே வைத்தால் பல் இளிக்கும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு ஸ்க்ரூ முடுக்கினேன், கட்டுக்கம்பியோடு 60 ரூபாய். புத்தகம் நாம் நினைப்பதைவிடக் கனம். ஒரு அடி நீளம் அடுக்கினாலே ஏழெட்டுக் கிலோ வந்துவிடும். சுவரில் பிணைக்க முடியாததால் மூன்றுக்கு மேல் அடுக்கவில்லை, இரண்டு வரிசையையும் கம்பியால் சேர்த்துக் கட்டினேன். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் ஈரம் ஏறாது, ராமபாணப் பூச்சியும் குறையும். இரண்டு வசம்புத் துண்டுகள் போட்டிருக்கிறேன். வேலை செய்கிறதோ இல்லையோ, வாசனை பிடித்திருக்கிறது.

விளக்கு பழைய இரும்புக் கடையில் 150 ரூபாய்க்குக் கிடைத்த மேஜை விளக்கு. பழைய விளக்கில் தண்டை மட்டும்தான் நம்பலாம். வயர், ஹோல்டர், பிளக் மூன்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். இரும்புத் தண்டு என்பதால் எர்த் கொடுத்து மூன்று பின் பிளக் போடச் சொன்னேன், 120. பல்பு 9 வாட் எல்இடி, 110. கடையில் சும்மா கேட்டால் 6500 கெல்வின் வெள்ளையைத் தருவார்கள், மூலை மருந்துக் கடை மாதிரி ஆகிவிடும். மஞ்சள் சாயல் உள்ள 3000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். வெளிச்சம் எதிரே இல்லாமல் தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும், வழவழத்தாள் புத்தகம் கண்ணில் அடிக்காது.

அலங்காரத்துக்கு நான் காசே செலவழிக்கவில்லை. பழைய பவானி ஜமுக்காளம், இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று, ஜன்னலுக்கு அம்மாவின் நூல் சேலை. ஒன்றே ஒன்றைத்தான் வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்: சந்திரிகை. பென்னாகரம் பக்கம் அத்தை வீட்டில் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்கள். தருமபுரி அங்காடிக்குக் கூடு கொண்டுவருகிற குடும்பங்களில் இது எல்லோருக்கும் தெரிந்த சாமான். ஆறடிக்கு நாலடி மூங்கில் தட்டியில், மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக நிற்க வைத்துக் கட்டியிருப்பார்கள், புழு அதற்குள் போய்க் கூடு கட்டும். இப்போது பலர் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டதால் பழையது மாட்டுக்கொட்டகையில் ஒட்டடை பிடித்துக் கிடக்கிறது. ஒன்றைக் கேட்டதும் அத்தை சிரித்துவிட்டார். கழுவிக் காயவைத்து ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினேன், ஆணி வேலை இல்லை. சுருளின் இடுக்குகளில் பழைய கூடுகளின் பட்டு இழைகள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. காலை ஏழரை மணிக்கு வெயில் அதன் வழியே வரும்போது புத்தகப் பக்கத்தில் சுருள் சுருளாக நிழல் விழும். படிக்கக் கொஞ்சம் இடைஞ்சல்தான். ஆனாலும் கழற்றவில்லை.

நீங்கள் ஓசூர் பக்கம் இருந்தால் இதைவிட எளிது. மே மாதம் பள்ளி விடுமுறையில் வேலை மாறிப் போகிறவர்கள், லாரி வாடகைக்குப் பயந்து நல்ல நல்ல சாமான்களைப் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிடுவார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் (பார்ட்டிகிள் போர்டு) சாமான்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒருமுறை கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ பிடிக்காது.

புத்தகத்துக்குப் பழைய பேப்பர் கடை. எடைக்குப் போட வந்த கட்டுகளில் வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டிங் செய்து வைத்தவை சில சமயம் கிடைக்கும். யாரோ ஒரு வீட்டு அம்மா மாவுப் பசையும் நூலும் போட்டுத் தைத்தது. என்னிடம் மூன்று இருக்கின்றன, ஒன்றில் கடைசி அத்தியாயம் இல்லை.

நாற்காலியின் வலது கைப்பிடி இன்னும் லேசாக ஆடுகிறது. மரம் இணைகிற காடி தளர்ந்திருக்கிறது, ஒரு ஆப்பு வைத்தால் போதும் என்று ஆசாரி சொன்னார். தை பிறந்ததும் வருகிறேன் என்றார். இது ஆனி. அதுவரை காகிதத்தை மடித்துச் செருகியிருக்கிறேன்.