காட்டையும் மலையையும் பாடும் நாட்டுப்புறப் பாடலாசிரியர் என்பவர் யார்?

நாட்டுப்புற மரபில் தாமே பாட்டுக் கட்டி, மெட்டமைத்து, தம் குரலிலேயே பாடுபவர் அவர். அத்தகையோர் காட்டையும் மலையையும் நாடுவதற்கான காரணத்தைத் தொல்காப்பியத்தைக் கொண்டே விளக்கலாம்: நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள மரமும் விலங்கும் பறையும் கருப்பொருள்; இவற்றின்மீது உரிப்பொருளாகிய மனித உணர்வு நிற்பதால், குறிஞ்சி எனும் மலைநிலத்தின் கூதிர்கால (குளிர்ந்த ஐப்பசி, கார்த்திகை மாத) நள்ளிரவைச் சொன்னாலே காதலர் சந்திப்பு புலப்பட்டுவிடும். பாலில் இட்ட உறைமோர்போல, நிலம் உணர்வைத் திரளச் செய்கிறது. நிலம் இப்படி மாறுவதை நேரிலும் காணலாம்: சேலத்திலிருந்து ஏற்காடு மலைக்குச் செல்பவர், அடிவாரத்தின் வறண்ட புதர்க்காடு முதல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துப் பனிமூட்டம் வரை ஒரே பயணத்தில் கடக்கிறார் (கொண்டை ஊசி வளைவுகளில் மெட்டு தோன்றுமா என்பது வேறு கேள்வி).

ஏற்காட்டின் பசுமை முழுவதையும் ஆதிக்காடு என்று கருதிப் பாடுவது பரவலான தவறு. அங்கு ஓங்கி நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை, காப்பிச் செடிகளுக்கு நிழல் தருவதற்காக நடப்பட்டவை.